கல் நீக்கி எடை

பத்தொன்பது வருஷமாய்ப் பேட்டை கூட்டுறவு வங்கியில்
நகைக்கு மதிப்புப் போடுகிறேன்.
உரைப்பேன், கல்லைக் கழிப்பேன்,
உள்ளே அரக்கு எவ்வளவு என்று
கையில் வாங்கும்போதே சொல்லிவிடுவேன்.
காரை எதில் உரைப்பது?
அதனால் இசக்கிப்பாண்டியைக் கூட்டிப் போனேன்.

பாளையங்கோட்டையில், முருகன்குறிச்சி தாண்டி ஒரு சந்து.
துணிக் கூரைமேல் முருங்கைப் பூ உதிர்ந்து கிடக்க
என் இடுப்பு உயரத்துக்கு நின்றது.
கத்தரிப்பூ நிறம். இரண்டே இருக்கை.
செய்த கம்பெனியை மூடிப் பல காலமாம்.
விலை, என் தம்பி மகள் கல்யாணத்தில்
மாப்பிள்ளைக்குக் கொடுத்த வண்டியில் கால்வாசி.

கதவைத் தட்டினேன்.
மாடித் தண்ணீர்த் தொட்டியின் சத்தம்.
"ஃபைபர் மேடம், துருவே பிடிக்காது" என்றார்
பல் டாக்டர் ஆல்வின் துரைசிங்.
தட்டிப் பார்ப்பது அவர் வேலை,
இன்னொருத்தி தட்டுவது பிடிக்கவில்லை.
இசக்கி அடியில் படுத்து எழுந்து
"எஞ்சின் தங்கம்க்கா" என்றான்.
யார் தங்கம் என்றாலும் எனக்கு வரும் சந்தேகம் வந்தது.

டிக்கியில் பத்துக் கிலோ அரிசிப் பை நிற்கும், படுக்காது.
குடத்துக்கு இடமில்லை.
உட்கார்ந்தால் முழங்கால் தாடையை விசாரிக்கிறது.
வலது சீட்டு நடுவில் குழிந்து தையல் விட்டிருந்தது.
இடது சீட்டு, கம்பெனியில் இருந்து வந்த மேனிக்கே.
மீட்டரைத் திருப்பி வைப்பார்கள் என்று கேள்வி.
பஞ்சை யாரும் திருப்ப முடியாது.
ஒன்பது வருஷம்.
நான் கேட்கவில்லை.
வளையலைக் கழற்றி வைக்கிறவர்களிடமும்
எதுக்கு என்று கேட்டதில்லை.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்போதுதான்
நாங்கள் மூன்று பேர் என்பது உறைத்தது.
பேட்டை வரை இசக்கி என்னோடு,
டாக்டர் அவன் பைக்கில் பின்னால்.
அங்கே டீக்கடையில் மாறிக்கொண்டார்கள்.
ஒவ்வொரு வேகத்தடையும் வண்டியின் வயிற்றைச் சொறிந்து அனுப்பியது.
லாரிக்குப் பக்கத்தில் போனால்
டயரின் நட்டுகளை எண்ணலாம். எட்டு.
தென்காசி பஸ்ஸின் கண்டக்டர் குனிந்து,
"யக்கா, மேல ஏறிக்கிடுங்க, டிக்கெட் வேண்டாம்."

கூரையைத் திறக்கச் சொன்னேன்.
கொக்கி வரவில்லை. டாக்டர் கொறடு கேட்டார்,
பழக்கதோஷம்.
"கடைசியா எப்ப திறந்தீங்க?"
"வாங்கின அன்னைக்கு. போட்டோவுக்கு."

சீதபற்பநல்லூர் தாண்டி மூன்றாவது கியர்.
இரண்டாவது கொஞ்சம் முரண்டு, எழுதிக்கொள்ள வேண்டும்.
மூன்றாவதில்
அந்தச் சின்ன எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு
என்னமோ சொல்ல வந்தது.
காற்றாலைகள் எல்லாம் இந்தப் பக்கமே பார்த்துச் சுற்றின.
முந்தானை கியரில் போய்ச் சுற்றிக்கொள்ள
வங்கி அடையாள அட்டைக் கிளிப்பால் கடித்து வைத்தேன்.
வேகம் அறுபதுதான்.
தரைக்கு ஒரு சாண் மேலே அறுபது என்பது வேறே கணக்கு.

டாக்டர் வலது கையை மடியில் எங்கே வைப்பது
என்று தெரியாமல் வைத்திருந்தார்.
"இந்தப் பக்கத்துல இருந்து பார்த்தா
வேற ரோடு மாதிரி இருக்கு."

ஆலங்குளம் எட்டுவதற்குள் சாரல்.
கூரையை மூட நாலு கை வேண்டும்,
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்.
அவர் பக்கம் மாட்டினால் என் பக்கம் துள்ளியது,
என் பக்கம் மாட்டினால் அவர் பக்கம்.
பஸ்ஸுக்கு நின்ற பீடிக்காரப் பெண் ஒருத்தி
சுளகைத் தலையில் கவிழ்த்தபடி சிரித்துவிட்டு
வந்து நடுவில் ஒரு குத்து விட்டாள்.
மூடிக்கொண்டது.
மூடிய பிறகும் உள்ளே பெய்தது.

இசக்கி போன் அடித்தான்.
"எப்படிக்கா?"
"ஒழுகுது."
"அப்ப இருபதாயிரம் கழிச்சிருவோம்."
இடது சீட்டில் முதல் தடவையாக ஈரம்.
டாக்டர் மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே
பாவூர்சத்திரம் வரைக்கும் போவோமா என்றார்.
முள்ளைப் பார்த்தேன், அரை டேங்க்.
பெட்ரோல் அவருடையது.
போனேன்.