மிச்சம்

முதலில் தண்ணீரை அளக்கச் சொன்னார்கள்.
நண்டு ஆலையிலிருந்து ஒரு குவளை எடுத்துவந்தேன்,
உப்புநீர் கலக்கும் குவளை, பக்கவாட்டில் சிவப்புக் கோடுகள்.
நாலு தடவை கழுவியும் வாசனை போகவில்லை.
டிஸோனுக்கு அது பிடித்துப்போனது.

இருபத்துநாலு கிலோ உடம்பு.
முதல் நாள் மூவாயிரத்து நூறு மில்லி.
மறுநாள் மூவாயிரத்து இருநூற்று ஐம்பது.
குளியலறைக் கதவைச் சாத்த மறந்த நாள்
கணக்கில் இல்லை.

அதுவரை எல்லாவற்றையும்
வயதின் தலையில்தான் போட்டுக்கொண்டிருந்தேன்:
எலிவால் போல ஆகிவிட்ட வால்,
பானை வயிறு,
ஜன்னலில் பனி பூத்த இரவிலும் இரைக்கும் மூச்சு,
மேசையிலிருந்து காணாமல்போகும் ரொட்டி.
பதிமூன்று வயதில் யார்தான் அழகாக இருக்கிறார்கள்.

மூளைக்கு அடியில் பட்டாணியளவு சுரப்பி,
அதில் கடுகளவு கட்டி, என்றார் டாக்டர் யாஸ்னா.
ஆபத்து, ஓடு, ஆபத்து என்று
அது உடம்புக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறதாம்.
அடுப்பும் நானும் மட்டும் இருக்கிற வீட்டில்.
தீராது, என்றார்.
வைத்துக் காலம் தள்ளலாம்.

எனக்கு அந்தச் சொல் புதிதல்ல.
ரூபெனும் நானும் பதினோரு வருடம் அப்படித்தான்.
பிரிந்தபோது தட்டுகளைப் பங்கிட்டோம்,
விறகைக்கூட எண்ணிப் பங்கிட்டோம்.
நாய் போர்வெனிரில் என்னோடு.
அவன் ஜலசந்திக்கு அக்கரையில், புந்தா அரேனாஸில்,
காற்று எறியும் கல்லில் உடைந்த
கார்க் கண்ணாடிகளை மாற்றிக்கொண்டு.

தினமும் இரவு ஓர் எண் அனுப்புவேன்.
2400.
'சரி' என்று வரும்.
1900.
'சாப்பாட்டோடு கொடுத்தாயா?'
இரண்டு வருடம் நாங்கள் பேசியதெல்லாம் மில்லிலிட்டரில்.

மாத்திரை கூடிப்போனால் எதிர்ப்பக்கம் பள்ளம்:
நடுக்கம், வாந்தி, எழ மாட்டாத கால்கள்.
அதனால் அவன் ரொட்டி திருடினால் திட்டுகிறேன்,
திருடாத காலையில் பயந்துபோகிறேன்.
வெறி அடங்க வேண்டும், பசி போகக் கூடாது.
அந்தச் சந்துக்குள்தான்
முப்பது மில்லிகிராம்.

இன்று பரிசோதனை.
ஏழு மணிக்கு ஈரல் துண்டில் பொதித்துக் கொடுத்தேன்.
நாலு மணி நேரத்துக்குப் பின், ஆறு மணி நேரத்துக்குள்
ரத்தம் எடுத்தாக வேண்டும்.
எட்டு மணிக் கப்பலுக்கு ஏழே முக்காலுக்கே நின்றோம்.
காற்று. துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
ஒன்பது. பத்தரை.
செம்மறிகள் ஏற்றிய லாரியின் ஓட்டுநர்
டிஸோனுக்கு இடம்விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்,
எதையும் கேட்கவில்லை.
பன்னிரண்டரைக்குக் கயிறு அவிழ்த்தார்கள்.
ஒரு மணிக்கு நடுக்கடலில்
நேரம் தீர்ந்தது.
அவனுக்கு என்ன தெரியும்,
என் காலணிமேல் தாடையை வைத்துத் தூங்கினான்.

மூன்று மணிக்கு அக்கரை.
இன்று எடுத்துப் பயனில்லை நெவென்கா,
அடுத்த வியாழன் பார்ப்போம், என்றார் யாஸ்னா தொலைபேசியில்.
ரூபென் பிக்கப்பின் கதவைத் திறந்து பிடித்திருந்தான்.
திரும்பும் கப்பல் ஆறுக்கு.
மூன்று பேரும் முன்சீட்டில்.
காற்று வண்டியைத் தொட்டில் போல ஆட்டியது.
வானிலையைக்கூடப் பேசவில்லை.

பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து
ஒரு குவளையை எடுத்தான்.
கண்ணாடிப் பசை கலக்கும் குவளை, புதிது,
விலைச்சீட்டுகூடப் பிய்க்காதது.
கோடு பார்த்து ஊற்றினான், கண்மட்டத்துக்குத் தூக்கி,
நான் செய்வதைப் போலவே.
நான் செய்வதை அவன் பார்த்ததே இல்லை.

டிஸோன் குடித்தான்.
நிறுத்தினான்.
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கப்பலில் நோட்டைத் திறந்தேன்.
என் எண்களுக்குக் கீழே அவனுடைய கோணல் எழுத்து:
200 ஊற்றினேன்.
40 மிச்சம் வைத்தான்.