மூன்றாம் எண் இயந்திரம்

வியாழன் மாலை ஆறு மணி
தாக் அம்மாவின் முறை.
பதினோரு ஆண்டாய் அவர் சாய்ந்த படுக்கையில்
இன்று ஓக் பான்சுல்.
மிளகாய்த் தோட்டத்துச் செம்மண்
குதிகாலில் இன்னும் ஈரமாய்.

ஒரே ஒரு மடக்கு.
ஓட்டக்காரர்கள் குடிக்கும் பானத்தின் பாட்டில்,
உள்ளே களைக்கொல்லி.
மீந்ததை வீணாக்குவானேன் என்று
மகன்தான் ஊற்றி வைத்தானாம்,
வரப்போரம், நிழலில், மூடியை இறுக்கி.
அத்தனை கவனமாக.

துப்பிவிட்டேன், துப்பிவிட்டேன் என்கிறார்.
சிறுநீர்ச் சோதனைக் குழாயில் பொடியைத் தூவிக் குலுக்கினேன்.
நீலம்.
வெள்ளைச் சட்டைப் பையில்
பேனா உடைந்தது போல ஒரு நீலம்.
துப்பியதும் பொய்யில்லை.
விழுங்கியதும் பொய்யில்லை.

கழுத்து நரம்பில் குழாய் இறங்கியது.
ரத்தம் வெளியே வந்து
கரி அடைத்த உருளைக்குள் போகிறது.
தேங்காய்ச் சிரட்டைக் கரியாம்,
பெட்டியில் எழுதியிருக்கிறார்கள்.
கோச்சாங்கில் தென்னை கிடையாது.
யார் துருவிய தேங்காயோ,
எந்த ஊரில் வெந்த சிரட்டையோ,
இவர் நஞ்சை வாங்கித்
தன் கறுப்புக்குள் வைத்துக்கொள்கிறது.
கரியைத் தாண்டி டயாலிசிஸ்.
அதைத் தாண்டி மறுபடி உடம்பு.
நான்கு மணி நேரம்
ஒரு மனிதர் தனக்கு வெளியே
வளைந்து வளைந்து ஓடுகிறார்.

மூச்சு வாங்குதே, ஆக்சிஜன் வையுங்கள் என்றான் மகன்.
சுவரிலேயே இருக்கிறது, கைக்கெட்டும் தூரம்.
இந்த விஷத்துக்குக் காற்றுதான் கூட்டாளி,
கொடுக்கக் கொடுக்க நுரையீரலைத் தின்னும்,
தாங்கவே முடியாத கட்டத்தில்தான் திறப்போம் என்றேன்.
கொரிய மொழியில்தான் சொன்னேன்.
தெரியாத மொழியைக் கேட்பவன் போல
என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு தானும்
மூச்சைக் கொஞ்சமாக விடத் தொடங்கினான்.

வெளியே பெஞ்சில் தாக் அம்மா.
நாளைக் காலை வாருங்கள் என்று சொல்லியாயிற்று.
கடைசிப் பேருந்து போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்.
மடியில் வெள்ளித்தாள் சுற்றிய
சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு.
பொட்டாசியம், அம்மா! எத்தனை முறை சொல்வது?
வாசனைக்குத்தான் வாங்கினேன் என்றார்.
எழுந்து போய் அதை மகன் கையில் வைத்தார்.
எனக்கு ஆகாது, நீ தின்னு.
அந்த மூணாம் நம்பர் கிறீச் கிறீச்சென்று கத்தும்.
கத்தினால் பயப்படாதே,
கத்தினால் ஓடுகிறது என்று அர்த்தம்.

அவன் தின்னவில்லை.
கிழங்கு ஆறும்வரை
இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

நள்ளிரவில் நீலம் வெளிறியது.
மருத்துவர் பியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
விடியலில் மறுபடி நீலம்.
ரத்தத்தில் இல்லாதது
தசையில் பதுங்கியிருந்தது,
கடன்காரன் அடங்கியதும்
கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பவனைப் போல.
புதிய உருளை. புதிய கரி.
படிவத்தில் பிழைப்பு விகிதம் எழுத ஓர் இடம் இருந்தது.
எனக்கு எழுத வரவில்லை,
நேரத்தை மட்டும் எழுதினேன்: 5.40.

வெள்ளி காலை
தாக் அம்மா நான்காம் எண்ணில் படுத்து
தலையணை சரியில்லை என்று முனகுகிறார்.
ஓக் பான்சுல் தண்ணீர் கேட்கிறார்.
தொண்டை வெந்த குரல்,
ஆனாலும் கேட்கிறார்.
இது நல்லதா என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள்.
நுரையீரல் பத்து நாள் கழித்துத்தான் பேசும்.

மகன் இரவோடு தோட்டத்துக்குப் போய் வந்திருக்கிறான்.
கையில் உரச்சாக்கு.
உள்ளே பாட்டில்கள்,
பார்லி டீ, சோயா பால், திராட்சைச் சாறு.
ஒவ்வொன்றின் மூடியையும்
தகப்பனைப் போலவே இறுக்கியிருக்கிறான்.

எங்கே கொட்டுவது என்று கேட்டான்.

கழுவு தொட்டியைப் பார்த்தேன்.
ஜன்னலைப் பார்த்தேன்.
அதற்கப்பால் ஓடை, வயல்,
யாரோ ஒருவர் குனிந்து முகம் கழுவுகிறார்.

இரு, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.
சாக்கு இன்னும்
எங்கள் மேசைக்கு அடியில் இருக்கிறது.