கறுப்பு வயர்

ஃபியூஸ் போகவில்லை. கேரியரைப் பிடுங்கிப் பார்த்தேன்,
கம்பி முழுசாக, நரைமுடி போல மின்னியது.
சமையலறை எரிகிறது, பொடக்காலி எரிகிறது,
ஆசாரமும் மேற்கு அறையும் மட்டும்
மூணு நாளாகச் செத்துக் கிடக்கின்றன.

"மோட்டார் போட்டப்ப போச்சுங்க" என்றார் துளசிமணி.
பிறகு, "இல்லைங்க, அதுக்கு முன்னாடியே."
எல்லா வீட்டிலும் இப்படித்தான்.
போன நேரம் யாருக்கும் தெரியாது,
இல்லையென்று கண்ட நேரம்தான் தெரியும்.

தாராபுரத்தில் ஆற்றுக்கு இறங்கும் சந்து.
தேக்குக் கட்டை மேல் தகரக் கிளிப் அடித்த வயரிங்.
வெள்ளையடித்து வெள்ளையடித்து
எது சிவப்பு எது கறுப்பு என்று
வயருக்கே மறந்திருக்கும்.

டெஸ்டரை வைத்தேன்: ஒரு துளையில் எரிந்தது.
சுவிட்சைப் போட்டுவிட்டு அடுத்த துளையில் வைத்தேன்:
அதிலும் எரிந்தது.
"ரெண்டுலயும் வருதுங்களே!"
துளசிமணிக்கு முகம் மலர்ந்துவிட்டது.
அதுதாங்க சீக்கு.
வருவது வந்துகொண்டுதான் இருக்கிறது.
சொல்லிக்கொண்டு கிளம்பத் தெரியாத ஒறம்பரை மாதிரி
வழி நெடுக நிற்கிறது.

ஏணி போட்டு வட்டக்கட்டைகளைத் திறந்தேன்.
முதலாவதில் பல்லி முட்டை.
இரண்டாவதில் நல்ல முறுக்கு, செய்தவன் கை சுத்தம்.
மூன்றாவதிலிருந்து கறுப்பு வயர்
நேராகச் சுவருக்குள் போனது.

வயரிங்கை விட இளைய சுவர். ஹாலோ பிளாக்.
கட்டைக்கு ஓரங்குலம் வழிவிட்டுக் கட்டியிருக்கிறார்கள்.
"அக்கட்ட யாருங்க?"
"கொழுந்தனார்."
"பாகம் பிரிச்சுங்களா?"
"பதினோரு வருசம்."

மீட்டர் ரெண்டு, வாசல் ரெண்டு, தண்ணி வரி ரெண்டு.
பத்திரம் எழுதிய யாரும்
ஏணி போட்டுப் பார்க்கவில்லை.
பதினோரு வருசமாக இந்தப் பக்கம் எரிந்ததெல்லாம்
அந்தப் பக்கம் வழியாகத்தான் திரும்பியிருக்கிறது.

சுவருக்கு அப்பால் ட்ரில் ஓடுகிறது. மகளுக்குக் கல்யாணமாம்,
வீடு முழுக்கப் புது வயரிங்.
பத்திரிகை வந்ததா என்று நான் கேட்கவில்லை.
எதற்கென்று புரியாத கறுப்பு வயரை
எந்தப் பையனோ வெட்டி டேப் சுற்றியிருப்பான்.
நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

"போய் ஒரு வார்த்தை சொன்னா அஞ்சு நிமிச வேலைங்க."
டெஸ்டரைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார்.
"புதுசா இழுத்தா எவ்வளவு ஆகும்?"

பதினாலு மீட்டர்.
மெயின் போர்டிலிருந்து நிலவுக்கு மேலாக, மூலை திரும்பி.
மூன்றரை மணிக்கு ஆசாரம் எரிந்தது.

சுவருக்குள் கிடந்த பழைய துண்டை உருவினேன்.
முரண்டு பிடிக்கும் என்று நினைத்தேன்,
சும்மா வந்தது, நுனியில் புது டேப்போடு.
அந்தத் துளை வழியே
அவர்கள் ஆசாரத்து வெளிச்சம்
மிளகளவு இங்கே விழுந்தது.

"அதைப் பூசிருங்க."

சிமெண்ட் கையில் இல்லை, காலையில் வர்றேன் என்றேன்.
இன்றோடு ஏழு நாள். நான் போகவில்லை.
இதுவரை போனும் வரவில்லை.