மூச்சு விடும் இடம்

சீனன்குடாவுக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பலின் சமையற்காரன்
இரண்டு இசைத்தட்டுகள் தந்தான்,
ஒரு கூடை கறுத்தக்கொழும்பானுக்கு.
இரண்டிலும் ஒரே நால்வர் குழு.
ஒரே ரஷ்ய இசை.
நடுவில் பன்னிரண்டு வருஷம் என்று
விரலால் காற்றில் எழுதிக் காட்டினான்.

அந்த எழுத்து எனக்குத் தெரியாது.
முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும் ஓரெழுத்து
அடிக்கடி வருகிறது.
அட்டைப் படம் பார்த்து நாங்களே பெயர் வைத்தோம்:
முதல் வயலின், கழுத்துப்பட்டிக்காரர்.
இரண்டாவது, லிகிதர்.
செல்லோ, கலியாண வீட்டு மாமா.
வியோலாதான் இரண்டிலும் ஒருவரல்ல.
பழையதில் காது பெரிய ஒருவர்.
புதியதில், படம் பிடிப்பவனிடம்
மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு பொடியன்.

தட்டுச் சுழற்றும் பெட்டி இருப்பது
பாலையூற்றில், பார்த்தலோட்டின் பட்டறையில்.
பகலில் இரும்பு ஒட்டுவான்.
சனிக்கிழமைக் கலியாணங்களில் கபிரிஞ்ஞாவுக்கு வயலின்.
முதல் நாள் கேட்டுவிட்டுச் சொன்னான்:
"இதுக்கு ஒருத்தரும் ஆட ஏலாது, நகுலா.
சும்மா குந்தியிருக்கவும் ஏலாது."

மூன்றாம் பகுதியில் ஓரிடம்.
நால்வரும் நிற்கிறார்கள்.
பழைய தட்டில் அங்கே ஒரு மூச்சு,
தடிமன் பிடித்தவன் பூசை நடுவே உறிஞ்சுவதுபோல்
ஈரமாக.
பிறகு வியோலா தொடங்குகிறது.
புதியதில் அந்த மூச்சு இல்லை.
நிற்கும் நேரம் மட்டும் அதேதான்.

ஸ்பானரால் மேசையில் தட்டி அளந்தான்.
ஏழு தரம் ஊசியைத் திருப்பி வைத்தான்.
"மற்ற மூண்டு பேரும் அந்தாளுக்கு
இன்னும் இடம் விடுகினம்.
பொடியனுக்கு அது தெரியாது.
பாட்டே அப்பிடித்தான் எண்டு நினைக்கிறான்."
நான் பதில் சொல்லவில்லை.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது,
சுருதி பிசகி.

வைகாசியில் ஒரு மத்தியானம்
வீட்டு மதிலில் காயவைத்த புதிய அட்டையை
மான் தின்றுவிட்டது.
பஸ் நிலையத்தில் லொத்தர் சீட்டும் கச்சான் சரையும் தின்று வளர்ந்த
கோட்டை மான்.
பொடியனின் முகம், செல்லோவில் பாதி,
மண்டபத்தின் பெயராக இருந்திருக்கக்கூடிய ஒரு வரி.
என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது,
அவசரமில்லாமல்.

நடுவில் ஒட்டிய நீலத்தாள் இரண்டிலும் ஒன்றுபோல.
எண்கள் எப்போதோ தேய்ந்தவை.
எது எதுவென்று அறிய
இனி மூன்றாம் பகுதிவரை கேட்க வேண்டும்,
இருபது நிமிஷம்.
மூச்சிருந்தால் பழையது.

நேற்று, அந்த இடத்துக்குச் சற்று முன்
கறண்ட் போனது.
சுழற்சி தளர்ந்து தளர்ந்து
நால்வரும் கிழட்டுக் குரலில் கீழே இறங்கி
அடிக்கடலில் போய் நின்றார்கள்.

இருட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
"நானில்லை" என்றேன்.
"நானுமில்லை" என்றான் பார்த்தலோட்.
நுளம்பு அடித்தபடி
கறண்டுக்குக் காத்திருந்தோம்.