நாற்பத்தாறு பல்

குகையில் மாடி வீடு. சமையல் மேடையில்
பித்தளை உருக்கி ஒட்டிய சட்டம் ஆறுகிறது.
சோறு இன்று கடையில்.

கையில் இருப்பது ஒரே ஒரு படம்,
முப்பத்தேழோ என்னவோ, கறுப்பு வெள்ளை.
பூதக்கண்ணாடி வைத்துப் பல்லை எண்ணிவிட்டேன்: நாற்பத்தாறு.
நிறம்தான் தெரியாது.
சிவப்பு என்றான் செங்கோடன்.
அவன் பட்டறையில் மீந்தது சிவப்பு.

மணல் அடைத்து வளைத்த ஹேண்டில்பார்
இடப்பக்கம் அரை விரல் தாழ்வு.
இருக்கட்டும், என் தோளும் அப்படித்தான்.

ஏற்காட்டு அடிவாரம். இன்னும் விடியவில்லை.
கியர் கிடையாது. பின்சக்கரத்தைக் கழற்றி
மறுபக்கத்துப் பெரிய பல்லுக்குத் திருப்பி மாட்ட வேண்டும்,
அந்தக் காலத்தார் போல.

ஸ்பேனர்
சமையல் மேடையில்.

மூன்றாவது வளைவில் இறங்கித் தள்ளினேன்.
அவனும் தள்ளியிருப்பான்.
அதை யார் படம் எடுத்தார்கள்?