அரை ஏக்கர் முயல்வால்

மாடு திங்குமுங்களா என்று கேட்டார் ராக்கியப்பன்.
திங்கும், ஆனா மாட்டுக்கு இல்லீங்க.
அப்பறம் ஆருக்கு?
பூச்சாடிக்கு.
அவர் என் முகத்தையே கொஞ்சம் பார்த்தார்,
பிறகு மொபெட்டை உதைத்துக் கிளப்பினார்.

வெள்ளகோவிலுக்கு மேற்கே இந்தச் சரளைக் காட்டில்
கொழுக்கட்டைப் புல்லை யாரும் விதைப்பதில்லை,
அதுவாக வரும்.
காசு கொடுத்துப் புல் விதைத்தவன்
எனக்குத் தெரிந்து நான் ஒருத்தன்.
பொட்டலம் முந்நூற்று ஐம்பது.
உள்ளே விதையைவிடப் பஞ்சு அதிகம்.
தும்மினால் ஒரு பாத்தி போய்விடும்.

ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள்
மணலில் பிசறித் தூவி
விளக்குமாற்றால் லேசாக ஒரு தடவல்.
முதல் கொள்முதல் எறும்புகள் செய்தன.

களையெடுக்க வந்த பாவாயி
இரண்டாம் பாத்தியில் நிமிர்ந்து கேட்டாள்:
"ஏனுங்க, இதுல எது புல்லு, எது புல்லுங்க?"
எனக்கும் தெரியவில்லை.
இரண்டு பேரும் குத்தவைத்துக்கொண்டு
ஒவ்வொரு தாளாகக் கிள்ளிக்
கன்னத்தில் வைத்துப் பார்த்தோம்.
சுரசுரவென்று இருந்தால் களை,
கன்றுக்குட்டியின் காதுபோல இருந்தால் முதல்.
அன்றைக்கு முழுச் சம்பளம் கொடுத்தேன்,
ஒரு பாத்தி கன்னத்துக்கு.

தை பாதியில் வால்கள் வந்தன.
கதிர் என்று சொல்ல வாய் கூசுகிறது,
ஒரு குருவிக்குக் காணாது அதில் இருக்கும் மணி.
ஆனாலும் பள்ளிக்கூட வேன் நின்றது,
ஜன்னலெல்லாம் கை.

முற்றுமுன் அறு என்பது இதன் சட்டம்.
கம்பு முற்றுவதற்காகக் காத்திருந்து பழகிய கை,
அரிவாளைத் தொட்டுத் தொட்டுத் திண்ணிப்பில் வைத்தது.
இன்னும் நாலு நாள், இன்னும் நாலு நாள்.
நாலாம் நாள் மேல்காற்று வந்து
வேலியோரப் பாத்தி முழுவதையும்
ஊதித் தள்ளிவிட்டது கிழக்கே.
மிச்சத்தை அன்று ராத்திரியே
டார்ச் வெளிச்சத்தில் அறுத்தேன்.

காலியாகக் கிடந்த கோழிக் கொட்டகையில்
கம்பிவலைமேல் சாக்கு மறைத்து
இருட்டில் தலைகீழாகக் கட்டினோம்.
நூல் கட்டினால் நிற்கவில்லை.
தண்டு காய்ந்து இளைக்கும், கட்டு நழுவும்,
நடுச்சாமத்தில் பொத்தென்று ஒரு சத்தம்.
கோகிலா தன் பனியன் கம்பெனியிலிருந்து
இடுப்பு எலாஸ்டிக் வெட்டுத்துண்டு
ஒரு பை கொண்டுவந்தாள்.
எந்த நாட்டுப் பையனின் அரைக்கால் சட்டைக்கோ அளந்தது.
தண்டு இளைக்க இளைக்கக் கூடவே இறுகியது.
எங்கள் கல்யாணத்தில் நான் சொல்லாததையெல்லாம்
அன்றைக்கு அவளிடம் சொல்லியிருக்கலாம்.
கட்டு எத்தனை என்றுதான் கேட்டேன்.

மண்டப அலங்காரம் முபாரக் வந்தார்,
மோந்து பார்த்தார்,
கோழி வாசத்துக்குக் கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைத்தார்.
தண்ணி மட்டும் ஊத்திராதீங்க என்றார்.
ஆயிரத்து நூறு அடி துளைத்துப்
புகை மட்டும் வந்த ஊரில்
இப்படி ஒரு பயிரா என்று
எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

தாராபுரம் ரோட்டில் ஒரு கல்யாணம்.
மேடையில் மணப்பெண்ணுக்கு இடது பக்கம் நின்றது என் புல்,
தங்கப் பெயிண்ட் அடித்து.
ராக்கியப்பன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.
"பிளாஸ்டிக்ல என்னமா செய்யறானுங்க."
ஆமாங்க என்றேன்.

மறு ஐப்பசி.
விடிய இன்னும் நேரம் இருக்க அவர் போன் செய்தார்:
"உங்க பூச்சாடி என்ற காட்டுல மொளைச்சிருக்குது.
அறுத்துக்கறீங்களா, மாட்டை அவுத்துடட்டுமா?"

கிளுவை வேலியைத் தாண்டிப் போனேன்.
சரளையெல்லாம் பச்சை, எல்லாம் ஒரே பச்சை.
கயிறும் மாடுமாக அவர் நின்றுகொண்டிருந்தார்.
ஒரு நிமிசமுங்க என்று சொல்லி
மண்டி போட்டு,
பனி நனைந்த அவர் காட்டில்
கன்னத்தை வைத்தேன்.