கல் என்றால் நிழல் விழும்

"டாக்டரா?" என்று கேட்டான்.
இல்லை.
"அப்ப சிஸ்டர்."
சிஸ்டர்தான், ஆனால்…
அவசரப் பிரிவு நர்ஸ் பிராக்டிஷனர் என்பதை
இரவு இரண்டு நாற்பதுக்கு
யாருக்கும் விளக்கி முடித்ததில்லை நான்.
முதலில் பார்ப்பவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சென்ட்ரல் பக்கம் பஸ் மோதி
சிவப்பு நாடா கட்டியவர்கள் ஒன்பது பேர்.
இவனுக்குப் பச்சை.
நடந்து வந்தான். ஹெல்மெட்கூடக் கழற்றவில்லை.
முதுகில் யாருடைய பசிக்கோ ஒரு சதுரப் பெட்டி.
கேத்தன், இருபத்திரண்டு வயது,
திருவல்லிக்கேணி மேன்ஷன்;
இரண்டாம் முறை கேட்டபோது, கூடலூர்.
வலது விலாவுக்குக் கீழே வலி.
"கல்லு சிஸ்டர். மூணு மாசமா வாழைத்தண்டு ஜூஸ்.
மேன்ஷன்ல எல்லாரும் அதான் சொல்றாங்க."

பாட்டில் திரும்பி வந்தது,
நன்னாரி சர்பத் நிறத்தில்.
கல்லும் அந்த நிறம் காட்டும்.
பெரும்பாலும் கல்தான்.

பர்ஸில் ஓர் அட்டை வைத்திருந்தான்.
பெட்ரோல் ரசீதுக்கும் முருகனுக்கும் நடுவில்,
லேமினேஷன் உரிந்து:
சிக்கிள் செல், பாதி மட்டும், நோய் இல்லை.
"நோய் இல்லன்னு அவங்களே எழுதியிருக்காங்க, பாருங்க."
பார்த்தேன்.
என்றோ ஒரு வகுப்பில்,
மதியச் சோற்றின் தூக்கத்தில்,
டாக்டர் மெஹருன்னிசா திரையில் காட்டிய ஒற்றை வரி
எழுந்து உட்கார்ந்தது.

ஸ்கேன் முனையை வைத்தேன்.
ஜெல் சில்லென்றது என்று சிரித்தான்.
கல் என்றால் பின்னால் நிழல் விழும்.
இதற்கு நிழல் இல்லை.
சிறுநீரகத்தின் நட்டநடுவில்
வாடகை கொடுக்காமல் குடியேறிய எவனோ.
பச்சை நாடாவைக் கத்தரித்தேன்.

மற்றதெல்லாம் ஐந்தாம் மாடியில் நடந்தது.
மெழுகுக் கட்டி, ஒரு மயிரிழைச் சீவல், சாயம்.
எல்லோருக்கும் வரும் பழுப்பு நிறம்
இவன் கண்ணாடித் துண்டில் வரவில்லை.
"வராததுதான் விடை" என்றார் மெஹருன்னிசா,
மூன்றாம் நாள், ஆறிப்போன டீயோடு.

ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டியவள் நான்.
பதினொரு பக்கம்.
"இதுல எனக்கு சரியாகுமா?"
ஒன்பதாம் பக்கத்தில் பதில் இருந்தது: உங்களுக்கு அல்ல;
ஒருவேளை, பின்னால் வருபவர்களுக்கு.
"முன்னாடி எத்தனை பேர்?"
அவர் பதிவேட்டில், பன்னிரண்டு வருஷத்தில், ஆறு.
"நான் ஏழாவதா?
அப்ப ஷேர் ஆட்டோ ஃபுல்லு சிஸ்டர்.
இனி வண்டிய எடுக்கச் சொல்லுங்க."
கையெழுத்தைப் பெரிதாகப் போட்டான்,
கட்டத்துக்கு வெளியே வழியும்படி.

கட்டுரை வந்தது.
அட்டவணையில் ஏழாம் வரிசை:
ஆண், 22, வலது, 19 வாரம்.
ஹெல்மெட் இல்லை, முருகன் இல்லை.
இருக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.
தெரிந்தும், அந்த வரிசையின் ஓரத்தில்
பென்சிலால் ஒரு சின்ன ஆட்டோ வரைந்தேன்.
நன்றியுரையில் எங்களுக்கு மூன்று சொல்:
அவசரப் பிரிவு ஊழியர்களுக்கும்.

இரண்டு கமிட்டி, எட்டு மாசம்.
எங்கள் படிவத்தில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது.
சிறுநீரில் ரத்தம் என்றால் கேட்க வேண்டும்:
சொந்த ஊர் எது, ரத்தத்தில் சிக்கிள் டெஸ்ட் எடுத்ததுண்டா.
கூட்ட நேரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.
நானும் ஒருமுறை தாண்டியிருக்கிறேன்.

நேற்று ஒருத்தி வந்தாள்.
மாதி, பத்தொன்பது வயது, பந்தலூர்,
ராயபுரத்தில் லேடீஸ் ஹாஸ்டல்.
பையில் அதே அட்டை.
முனையை வைக்கும்போது
என் கைதான் சில்லிட்டிருந்தது.
திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி.
அதன் பின்னால்
நேராக, கறுப்பாக, தாராளமாக
விழுந்தது நிழல்.

"கல்லும்மா. வெறும் கல்லு."
வலியில் சுருண்டு கிடந்தவள்
தலையைத் தூக்கி என்னை முறைத்தாள்,
இந்தப் பொம்பளை எதுக்குச் சிரிக்கிறா என்று.